அரை இஞ்ச் ஓஸ்

ராயக்கோட்டை சாலையில், எடைமேடைக்கு எதிரே
ஷட்டரைப் பாதி தூக்கும்போதே பார்த்தேன்,
கோணியில் சுற்றிய மோட்டாரை
மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான் புத்ராம்.
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான்.
கண்டக்டர் அவனுக்கொன்று கோணிக்கொன்று
டிக்கெட் கிழித்திருக்கிறார்.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாந்தோப்பு.
அறுநூற்று நாற்பதாவது அடியில் போர் நின்றுவிட்டது.
குழிக்குள் முப்பத்திரண்டு ராடு;
மேலே நின்று அவற்றைத் திருக வேண்டியது
இப்போது என் மேசையில்.
தோப்புக்காரர் திம்மராயன் போனில் வந்தார்.
"மெக்கானிக்கிட்ட குடும்மா."
"மெக்கானிக்தான் பேசறேன்."
ஒரு மூச்சு அளவுக்கு மௌனம்.
"அப்ப சரி. தண்ணி எப்ப வரும்?"
அது தெரிந்தால் நான் ஏன் சீல் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அலமாரியில் சுற்றுவதை நிறுத்தியவை கிடக்கின்றன.
பாலிஷ் பட்டறையின் கியர் மோட்டார்:
இரண்டு பல்சக்கரம், பெரிய புத்தி கிடையாது,
கல்தூள் கலந்த எண்ணெயையும் குடித்துவிட்டுக்
கத்திக்கொண்டே ஓடும்.
ஓசூர் பிளாஸ்டிக் கம்பெனியின் வேன் மோட்டார்
சத்தமே போடாது. எண்ணெய் அழுக்கானால்
தகடுகள் பள்ளத்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும்,
தலைதீபாவளிக்குக் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல.
ஜெகதேவி குவாரி பொக்லைனில் கழற்றிய பிஸ்டன் மோட்டார்
முந்நூற்றைம்பது பார் அழுத்தம் தாங்கும்,
ஒரு மண்துகள் தாங்காது.
ஐந்து கால் பரப்பிய ரேடியல்
பிளாக் தூக்கும் வின்ச்சில் இருந்தது.
லாரி அளவு கருங்கல் தொங்கும்போதும்
அது அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

புத்ராம் கொண்டுவந்தது ஆர்பிட்.
உள்ளே ஆறு பல், வெளியே ஏழு.
அந்த ஒரு பல் வித்தியாசத்தில்தான்
மெதுவாக, முரட்டுத்தனமாகத் திரும்புகிறது
பாறைக்குள் இறங்கும் அத்தனை இரும்பும்.

ஷாஃப்ட் சீலின் உதடு பிய்ந்து
வெளியே துருத்தியிருந்தது.
வெளியடி இல்லை. உள்ளிருந்து வந்த அடி.
திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத் துளையில்
ஓஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்.
நூல் சுற்றி, எம்-சீல் பூசி,
நேர்த்தியான வேலை.

"நான்தான் அக்கா. ஓஸ் கிழிஞ்சி ஒழுகுது,
ஆயில் வேஸ்ட்டுன்னு மேனேஜர் திட்டினாரு.
அடைச்சேன். நின்னுடுச்சி."
பெருமையாகத்தான் சொன்னான்.
சத்தீஸ்கரிலிருந்து வந்து அவன் கற்ற தமிழில்
'ஒழுகுது'தான் முதல் சொல்லாம்.

எந்த மோட்டாரும் குடிப்பதில் ஒரு துளியைத்
தன் உடம்புக்குள்ளேயே சிந்திக்கொள்ளும்.
பழுதில்லை அது. பேரிங் நனைவதே அதில்தான்.
சிந்தியது டாங்குக்குத் திரும்ப
அரை இஞ்ச் ஓஸ் போதும்.
அடைத்தால் சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்து
இருப்பதிலேயே மெல்லிய இடத்தைத் தேடும்.

ஒன்றும் விளக்கவில்லை.
போல்ட்டை அவனுடைய ஒரு கையில் வைத்தேன்,
பிய்ந்த சீலை இன்னொரு கையில்.
இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான்,
தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.
புது ஓஸை அவனே அளந்து வெட்டினான்,
கொஞ்சம் நீளமாகவே.

இரவு ஒன்பதரைக்கு மறுபடி திம்மராயன்.
எழுநூற்று இருபது அடி. வெறும் புகை.
"மோட்டரு நல்லா சுத்துதும்மா" என்றார்,
அதைச் சொல்லத்தான் கூப்பிட்டவர்போல.
பிறகு மாங்காய் விலை.
பிறகு சொசைட்டிக் கடன்.
பிறகு இதே தோப்பில் இதற்கு முன் தோற்ற
மூன்று குழிகள், ஒவ்வொன்றின் ஆழத்தோடு.

ஷட்டரை இறக்கப் போனவள்
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
பேசட்டும்.