பதினைந்துக்குள்

சனிக்கிழமைகளில் நான் கதவு தட்டுகிறவள்.
மற்ற நாட்களில் மீன் ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் விசில்,
ஈரத்திலும் எழுதுகிற பென்சில்.

இரவில் இங்கே எத்தனை பேர் உறங்குகிறீர்கள்?
யாருக்கு மாத்திரை, யாருக்கு மூச்சிரைப்பு?
எரிவாயுவை மூடும் திருகு எங்கே?
நாய் கடிக்குமா?

சிலியின் தென்கரையில்
லோஸ் மாக்கிஸ் துறை, நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
எல்லாம் கடலுக்கு முகம், மலைக்கு முதுகு.
பூமி ஆடி நின்ற கணத்திலிருந்து
தண்ணீர் வந்துசேரப் பதினைந்து நிமிடம்
என்றான் தீயணைப்புக் குழுவின் யெர்கோ.
பகலில் டயர் மாற்றுகிறான்.
தீயை அணைக்க அவனுக்கும் சம்பளம் கிடையாது.

"அலையிடம் கடிகாரம் உண்டா?" என்று கேட்டார் செஃபெரினோ.
அவருடைய ஒரு காலைச் சர்க்கரை கொண்டுபோய்விட்டது.
பட்டியலில் அவர் பெயருக்கு நேரே
'கைவண்டி' என்று எழுதினேன்.
"நான் என்ன சிமென்ட் மூட்டையா?"
"சிமென்ட் இவ்வளவு பேசாது."
சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வண்டியைத் தள்ள ஆள் வேண்டும்.
பக்கத்து வீட்டு உபெர்லிந்தாவுக்குத் தோள் உண்டு,
முப்பது வருடம் கடற்பாசி சுமந்த தோள்.
நடுவில் வேலி.
வேலிக்குப் பதினோரு வயது.
ஒரு கோழியில் தொடங்கியதாம்,
இல்லை, ஒரு கல்யாணத்தில் என்பார்கள்.
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மே மாதம் ஒத்திகை.
அபாயச் சங்கு ஊதவில்லை.
அதன் வாய்க்குள் கடற்காகம் ஒன்று
போன வசந்தத்தில் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.
காலி எரிவாயு உருளையைத் தூக்கி நிறுத்தி
இரும்புத் திருகியால் அடித்தான் யெர்கோ.
ஊரே எழுந்தது,
கல்லறையில் இருப்பவர்களைத் தவிர.
அவர்கள் ஏற்கெனவே மேட்டில்தான் இருக்கிறார்கள்.

ஒருவன் தொலைக்காட்சியின் ரிமோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தான்.
பிசைந்த மாவை விட்டுவர மனமில்லாமல்
சட்டியோடு வந்தாள் ரொட்டிக்கடை யாஸ்னா;
அவள் மேடேறி முடிப்பதற்குள்
மாவும் பொங்கியிருந்தது.

கல்லறை வாசலில் நின்று எண்ணினேன்.
கடைசியாக வந்தது கைவண்டி,
இரண்டு பள்ளிப் பையன்கள் தள்ள,
தெருவைச் சுற்றி, பாலத்தைச் சுற்றி.
பத்தொன்பது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
செஃபெரினோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
"அப்படியானால் நான் செத்து நான்கு நிமிடம் ஆகிறது" என்றார்.

அன்று மாலை ரம்பச் சத்தம்.
போய்ப் பார்த்தால் வேலியில் ஒரு கதவு,
சரியாக ஒரு கைவண்டி அகலம்.
கீல்கள் பழைய படகிலிருந்து.
தாழ்ப்பாள் வைக்கவில்லை உபெர்லிந்தா.

ஜூனில் மறுபடி.
அவள் தள்ளினாள், சக்கரத்தைப் பார்த்தபடி.
அவர் உட்கார்ந்திருந்தார், கடலைப் பார்த்தபடி.
பதினான்கு நிமிடத்தில்
ஒரு வார்த்தை இல்லை.
இன்னும் பேசிக்கொள்வதில்லை.
பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது,
நானும் வரையவில்லை.

நேற்று என் கதவைத் தட்டினான் யெர்கோ.
அதே பென்சில், அதே கேள்விகள்.
அவசரப் பையைக் கொட்டிக் காட்டினேன்:
வானொலி இருக்கிறது, பேட்டரி இல்லை.
சூரை மீன் டப்பா, கணக்கில் மூன்று,
கையில் ஒன்று.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைக்கச் சோம்பல் என்றேன்,
ஆலைக்கே கணக்கு எழுதுகிறவள்.

"இரவில் இங்கே எத்தனை பேர்?"
"ஒருத்தி."
எழுதினான்.
பென்சில் அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது.
"உன் கதவை யார் தட்டுவார்கள்?"

சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.
எத்தனை வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு
அவர்கள் யோசிக்கும்போது பொறுமையில்லாமல்
விசிலை உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

யாஸ்னா என்று எழுது, என்றேன்.
விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிறவள்.
அவள் ஜன்னல் வெளிச்சம் இங்கே வரை விழும்.

அவளுக்கு இன்னும் தெரியாது.
காலையில் ரொட்டி வாங்கும்போது கேட்க வேண்டும்.