நாளைக்கு ஆறு பந்தயம்

ஆறரைக்குள் அனுப்பியாக வேண்டும்.
ஆறு பந்தயம், ஐம்பத்தெட்டுக் குதிரை, ஒரே பத்தி.
கம்பிரியாவில் மூன்று நாளாக மழை.
ஹாலோகில் ஓடுதளத்தில்
மைதானக்காரர் ஊன்றிய கைத்தடி
நான்கு விரற்கடை இறங்கியதாம்.
'இளகல்' என்று குறித்துக்கொள்கிறேன்.
இங்கே பாதி முடிவை மழை எழுதிவிடும்,
மீதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் பந்தயம்: கூப்பர்ஸ் லேன்.
காரணம் கேட்காதீர்கள். மற்றவை அதைவிட மோசம்.

இரண்டாவதில் ஊரே சொல்வது சில்வர் டிட்டி.
தொடர்ந்து மூன்று வெற்றி,
அதனால் முதுகில் நூற்று முப்பத்தாறு பவுண்டு.
ஜெயித்தவனுக்குத் தலையில் ஏறும் கனத்தை
இங்கே சேணத்தில் ஏற்றுகிறார்கள்,
ஈயத் தகடாக, நிறுத்து.
லண்டனில் ஓர் அறையில்
எடை வகுப்பவர் காணும் கனவு ஒன்றுதான்:
அத்தனை குதிரையும் ஒரே கோட்டில்
ஒரே நேரத்தில் மூக்கை நீட்ட வேண்டும்.
அது பலித்தால் என் பிழைப்பு போச்சு.
இருபத்தாறு வருடமாக
அவர் பிசகும் இடத்தில்தான் எனக்குச் சாப்பாடு.
டிட்டி வேண்டாம். லேட் போஸ்ட்.

மூன்றாவது: டின் விசில்.
அதன் தாயும் சேற்றில்தான் ஜெயித்தாள்.

நாலாவது.

இதற்கு முன் எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.

ஆர்ச்டீக்கன், வயது ஒன்பது,
வரிசையாக இருபத்து மூன்று தோல்வி.
தோற்கத் தோற்கச் சுமை இறங்கும்:
நூற்று முப்பதில் தொடங்கி இப்போது நூற்றுப் பதினாறு.
பயிற்சியாளர் வில்ஃப் ரௌட்லெட்ஜ்
மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவர் என்று
மதுக்கடையில் சிரிக்கிறார்கள்.
நானும் சிரித்தவள்தான்.
ஆனால் போன மாதம் தூரக்கண்ணாடியில்
குதிரையை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தேன்.
கடைசி ஏற்றத்தில்,
மற்றவர்கள் உதைத்து விரட்டும் இருநூறு கஜத்தில்,
அந்த ஜாக்கியின் கைகள்
தூங்கும் குழந்தையை மாடிக்குத் தூக்கிப்போகிற கைகள்.
குதிரையின் காதுகளோ முன்னால் நிமிர்ந்திருந்தன.
களைத்த குதிரைக்குக் காது அப்படி நிற்காது.

நாளை ஜாக்கி மாற்றம்.
டாம்சின் மௌன்சி: பத்தொன்பது வயது, பத்தொன்பது வெற்றி,
கற்றுக்கொள்கிறவள் என்பதால் ஏழு பவுண்டு தள்ளுபடி.
இருபதாவது ஜெயித்தால் அதில் இரண்டு பறிபோகும்.
ஆக, நூற்று ஒன்பது.
அவளும், சேணமும்,
அவள் இன்றிரவு சாப்பிடாமல் விட்ட சாப்பாடும் சேர்த்து.
அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
அடக்கி ஓட்டு என்று சொல்லாமலிருந்தாலே போதும்.

எழுதினால்,
இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விலை
காலை எட்டுக்குள் ஆறுக்கு ஒன்றாகச் சுருங்கும்.
ரௌட்லெட்ஜ் இரண்டு வருடம் தோற்றுச் சேர்த்ததை
நான் ஒரு வரியில் செலவழித்துவிடுவேன்.
எழுதாவிட்டால்,
ரொட்டிக்கடை டோரீன் ஹெவெட்சன்
பேருந்தில் என் பத்தியை மடித்து வைத்துக்கொண்டு
வேறெதன் மீதோ இரண்டு பவுண்டு கட்டுவாள்.
குதிரை சுமப்பதும் பவுண்டு, டோரீன் இழப்பதும் பவுண்டு;
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவன்
ஒருநாளாவது பந்தயத்துக்குப் போயிருப்பான்.

ஐந்தாவதில் ஐந்தே குதிரை. மிசஸ் பெக்.
ஆறாவதில் பதினாறு. கண்ணை மூடிக்கொண்டு குத்துங்கள்,
நான் அப்படித்தான் குத்தினேன்: ப்ளூ லெட்ஜர்.

ஆறு இருபத்து நாலுக்கு
நாலாவதன் எதிரே 'ஆர்ச்டீக்கன், கவனிக்கத் தக்கது' என்று போட்டேன்.
'கவனிக்கத் தக்கது' கோழையின் சொல்.
அடித்தேன்.
'ஆர்ச்டீக்கன். ஓட்டுகிறவளின் கைகளைப் பாருங்கள்.'
அனுப்பிவிட்டேன்.

பிறகு ஜன்னலைத் திறந்தால் மழை விட்டிருக்கிறது.
மேற்கிலிருந்து காற்று, துவைத்த துணியைக் காயவைக்கிற காற்று.
இது விடியும்வரை வீசினால் தரை இறுகும்.
இறுகிய தரையில் டின் விசில் ஓடாது.
ஆர்ச்டீக்கனுக்கு முன்னங்காலே ஆகாது.
கைத்தடி இப்போது எத்தனை விரற்கடை இறங்குகிறதென்று
மைதானக்காரரைக் கேட்க
இந்நேரத்தில் போன் செய்யலாமா?
எடுக்கிறார். 'மூன்று' என்கிறார்.