ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
மீட்புப் படகின் வகை.
கீழே பொடி எழுத்தில்
காற்றடைத்த ரப்பர்,
அடி கெட்டியாய் ஓரம் மட்டும் ரப்பர்,
கவிழ்ந்தால் தானே நிமிர்வது,
மேலே மூடியது.
ஒன்றில் டிக் போட வேண்டும்.

எதிரே ஈரத்துண்டோடு தேசப்பன்.
நேற்று மதியத்திலிருந்து விடியும்வரை
நெட்டுக்குப்பத்துக்கு நேர்கிழக்கே
தண்ணீரில் கிடந்தவர்.
உதடு உப்பில் வெடித்திருக்கிறது.
டீயை ஆறவிட்டுச் சொன்னார்:
"மொதல்ல எழுதும்மா, ஐஸ் பொட்டி மூடி."

தெர்மகோல் மூடி.
ராத்திரி அது ரெண்டாய் உடைந்ததாம்.
பெரிய துண்டைப் பையனிடம் தள்ளிவிட்டு
சின்னதை இவர் வைத்துக்கொண்டாராம்.
பீடியைப் பங்கு வைத்தவர்போல் சொன்னார்.
பையன் ஸ்டான்லியில் இருக்கிறான்,
டிரிப்ஸ் ஏறுகிறது.

அப்புறம்?

"ஒரு கப்பலும்மா, நங்கூரம் போட்டுக்கினு.
பின்னால சறுக்குமரத்துல
ஆரஞ்சு கலர்ல ஒரு போட்டு,
பூசணிக்கா மாதிரி, மூடி வச்சது.
கத்துனோம்.
லைட்டு மட்டும் எரிஞ்சுது."
கரைப்பக்கம்
அனல்மின் நிலையக் குழாயின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிந்ததாம்.
அதை எண்ணிக்கொண்டே கிடந்தாராம்.
நாலாயிரத்துக்கு மேல் கணக்கு தப்பிவிட்டது.

எங்கள் நிலையத்துக்கும் படகு உண்டு.
ஓடினால் முப்பத்தைந்து நாட்.
ஆறு மாதமாய்க் கரையில்.
கொச்சியிலிருந்து ஒரு வளையம் வர வேண்டும்.
அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.
அதன் மேல் காக்கா உட்கார்ந்திருப்பதை
ஜன்னல் வழியே
இரண்டு பேரும் பார்த்தோம்.

"தூக்குனது ஃபைபர் போட்டு.
பத்து குதிரை எஞ்சின்."

யார் படகு?

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"எல்லப்பனது."

போன ஆடியில், சுருக்குவலைத் தகராறில்,
துடுப்பால் இவர் கையை உடைத்த எல்லப்பன்.
அந்தப் புகாரும் என் கையெழுத்துதான்,
இதே மேஜை.
"ஏத்தும்போது அதே கையத்தான் புடிச்சு இஸ்தான்,"
என்றார். "வலிச்சுது."

'மற்றவை' என்ற கோட்டில்
ஒரு விரலகலம் இடம்.
ஃபைபர், இருபத்தெட்டு அடி.
மிதவை வளையம்: இல்லை.
கவச உடை: இல்லை.
விளக்கு: செல்போன்.
எத்தனை பேர் ஏறலாம்?

"வலை இருந்தா மூணு பேரு.
வலைய வெட்டி வுட்டுட்டா
எத்தினி பேரு வேணா."

பேனா நின்றது.
வெட்டிவிட்டானா?

"அதத்தான் தேடிக்கினு
திரும்பப் போயிருக்கான்" என்றார்,
கடல் பக்கம் திரும்பாமல்.