கூட்டியோ குறைத்தோ

அரவை ஓய்ந்த பிப்ரவரி.
டோங்காட் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில்
குடுவைகள் கவிழ்ந்து உலர்கின்றன.
எனக்கு வேலையில்லை. அதனால்தான் வந்தேன்,
வெருலம் பள்ளி வேனின் கடைசி இருக்கையில்
பதினோரு பிள்ளைகளோடு இடிபட்டு,
மவுண்ட் மோர்லண்ட் நாணல் சதுப்புக்கு,
தகைவிலான்களை எண்ண.

எண்ணுவது என் தொழில்தானே.
ஒரு லாரிக் கரும்புக்கு ஒரு குடுவைச் சாறு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இருபத்திரண்டு வருடமாக அவ்வளவுதான் செய்கிறேன்.
சோறு பறக்காது என்பதை மட்டும்
யோசிக்காமல் வந்துவிட்டேன்.

ஆறரைக்கு வானம் வெறும் வானம்.
பிறகு உச்சியில் கொஞ்சம் தூசி.
"கொசு" என்றான் ஒருவன்.
தூசி தடித்தது, சுழன்றது,
கரும்புக்காட்டுக்கு மேல் மிச்சமிருந்த வெளிச்சத்தைக்
கொறித்துக்கொண்டே இறங்கியது.
யாரோ முறத்தைச் சாய்த்ததுபோல்
ஒரே நேரத்தில் கொட்டின.
நாணல் வளைந்தது.
அதுவரை சிப்ஸ் பொட்டலம் பிரித்த சத்தம்கூட நின்றது.

குன்றுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம்.
அங்கே ரேடார் அறையில் சிபோங்கிலே
இவற்றைத் திரையில் ஒரு கறையாகப் பார்க்கிறாள்.
கறை அடங்கும்வரை
கடலுக்கு மேல் ஒரு வட்டம் கூடுதலாகப் போடும்
தரையிறங்க வேண்டிய விமானம்.
இருபது கிராமுக்கு
இருநூறு டன் ஒதுங்கி நிற்கிறது.

தகைவு என்றால் தடை. இளைப்பு என்றும் சொல்லலாம்.
இரண்டும் இல்லாதது என்று பெயர் வைத்தவர்
கழுத்து வலிக்க அண்ணாந்திருக்க வேண்டும்.

படம் எடுத்தேன். கட்டம் போட்டேன்.
ஒரு கட்டத்தில் எண்ணி, கட்டங்களால் பெருக்கி,
டார்ச் வெளிச்சத்தில் அறிவித்தேன்:
இருபத்தெட்டு லட்சம்.
முன்பல் விழுந்த குபேஷ்னி கை தூக்கினாள்.
"சுத்திக்கிட்டே இருந்துச்சே ஆன்ட்டி,
போன குருவியே திரும்ப வந்திருந்தா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
"ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஒளிஞ்சிருந்தா?"
முதல் கேள்வி என் எண்ணைக் குறைத்தது.
அடுத்தது கூட்டியது.
எவ்வளவு என்று இரண்டுமே சொல்லவில்லை.

வலை கட்டியிருந்த மெர்வின்
ஒன்றைக் கொண்டுவந்தார்.
பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாக நுழைத்துத்
தராசில் வைத்தார்.
19.4.
இரண்டு ஐந்து ராண்ட் நாணயம்
சட்டைப்பையில் இருந்தால் உங்களுக்குத் தெரியுமா?
அந்தக் கனம்தான்.
காலில் ஒரு வளையம், அதில் ஹெல்சிங்கி என்று பொடி எழுத்து.
பத்தாயிரம் கிலோமீட்டர்.
வழி எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.
சூரியன் என்றார், நட்சத்திரம் என்றார்,
பூமியின் காந்தம் என்றார்.
"அப்புறம்?"
"அப்புறம் தெரியாது."
வெட்கப்படாமல் சொன்னார்.
பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

என் உள்ளங்கையில் வைத்தார், ஒரு நொடி.
இதயம் துடித்தது என்று சொல்ல முடியாது,
உறுமியது.
கையை விரித்தேனா, அதுவே பிரித்துக்கொண்டதா,
இருட்டில் நாணல் பக்கம் போயிற்று.

வேனில் குபேஷ்னியின் நோட்டை எட்டிப் பார்த்தேன்.
எண்ணியது: 1.
எடை: 19.4 கிராம்.
மற்றவை: நிறைய.

ஏப்ரலில் அவை வடக்கே போயின, அரவை தொடங்கியது.
முதல் லாரியின் சாற்றை அளந்து
பதினெட்டு புள்ளி ஆறு என்று எழுதினேன்.
பேனா நகர மறுத்தது.
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி,
அதன் காலடியில் ஒரு கழித்தல்.
"இத்தனை வருஷம் இது இல்லையே" என்றார் மேலாளர்.
இருந்தது, நான்தான் எழுதவில்லை என்றேன்.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.