மாகாணித் திருகு

பெராயில் மழை விட்ட பின்னிரவு.
தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை ஒன்றில்தான் விளக்கு.

ஆ ஹுவாட்டின் ஹாஃப்கட் கடையில்
மீன்பெட்டிக்குள் கிடந்தன அவை.
எங்கே விழுந்த ஜப்பான் பைக்கோ,
அதன் நான்கு த்ராட்டில்களும் வரிசை குலையாமல்.
இருநூற்று எண்பது வெள்ளி என்றான்.
ஒன்றின் தொண்டையில் மணல்.
ஊதிக் காட்டி இருபது குறைத்தான்.

பைக்கில் அவை நெருக்கியடித்து நின்றவை.
என் சத்ரியாவின் எஞ்சினோ
தள்ளித் தள்ளி வாய் திறந்திருந்தது.
யமுனேஸ்வரி வரிசையை அறுத்தாள்.
இடையில் வளையம் கடைந்து வைத்தாள்.
பற்றவைக்கும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டாள்:
"டர்போவுக்கு ஒரு வாசல் போதும்.
நாலு எதுக்குடா?"

காகிதத்தில் எழுதக்கூடிய பதில் என்னிடம் இல்லை.
"கேட்டுப் பார்க்கணும்" என்றேன்.
அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

இவை உறிஞ்சப் பிறந்தவை.
தொடைகளுக்கு நடுவே, எதிர்காற்றில்,
தாமே இழுத்துத் தாமே விழுங்கியவை.
இனி இவற்றுக்கு ஊட்டிவிடுவார்கள்.
புகைச் சூட்டில் சுழலும் இரும்பு நத்தை
பசித்தாலும் பசிக்காவிட்டாலும்
காற்றைத் திணிக்கும்.
அதற்காக நான்கு வாய்க்கும் சேர்த்து
ஓர் அலுமினியப் பெட்டி.
அதன் விளிம்பில் அவள் இட்ட பற்று
முறுக்கு பிழிந்தாற்போல் வரி வரியாக ஓடியது.

எஞ்சின் பிடித்தது.
பிடித்ததே தவிர நிற்கவில்லை.
நான்கு மானியிலும் நான்கு ஊசி
ஆளுக்கொரு பக்கம் பார்த்தன,
பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த அண்ணன் தம்பிகள்.
அரைக்கால் திருகு.
முதலாவது இறங்கினால் நான்காவது ஏறும்.
மாகாணித் திருகு.
இரண்டாவது இணங்கியது.
மூன்றாவதைக் கடைசிவரை
யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை.

ஒரு துளையில் மட்டும் அழுத்தம் அளந்தால்
கணினிக்குக் கை நடுங்குகிறது.
நான்கிலிருந்தும் குழாய் இழுத்து
ஒரு சின்னக் குப்பியில் சேர்த்தோம்.
நான்கு பேர் பேச்சும் அங்கே கலந்து
ஒரே முணுமுணுப்பாக வந்தது.
அதை அது நம்பியது.

கம்ப்ரஸரால் காற்றடைத்துச்
சோப்புத் தண்ணீர் தெளித்தோம்.
மூன்றாவது தண்டின் நுனியில்
ஒரு குமிழி
பெருத்துப் பெருத்து உடைந்தது.
அடுத்தது.

சீலைக் கொக்கியால் பிடுங்கி
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
"இதோட உதடு வெளியே பார்க்குது.
வெளிக்காத்து உள்ளே வராம காக்க மட்டும்தான்
இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.
உள்ளே இருந்து தள்ளுனா இதுக்கு என்ன தெரியும்?"
பள்ளத்தைக் கொஞ்சம் ஆழப்படுத்தி
இரண்டு சீல் போட்டாள்,
ஒன்று வெளியே பார்க்க,
ஒன்று உள்ளே பார்க்க.
பிறகு ஐந்து நிமிடம் பேசாமல்
ஆறிப்போன தே தாரிக்கைக் குடித்தாள்.

விடியுமுன் ஜூரு பக்கம் போனோம்.
முதல் அழுத்தத்தில் டப்பென்று குழாய் கழன்றது.
லாரிகள் எங்களை ஆட்டிவிட்டுப் போக
அவள் டார்ச் பிடித்தாள், நான் கிளாம்பை இறுக்கினேன்.
இரண்டாம் முறை,
என்ன சொல்ல,
கால் அழுத்தவில்லை. அழுத்த நினைத்தது.
வண்டி கிளம்பிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் டைனோவில் ஏற்றினோம்.
ஃபைசுல் தாளைக் கிழித்து நீட்டினான்.
கூடுதலாக ஏழு குதிரை.
செலவு இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
ஒரு குதிரை என்ன விலை என்று
அவன் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டான்.
யமுனேஸ்வரி தாளை வாங்கி
எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

ஏழு மணிக்கு அவளுக்குத் தீவில் ஷிப்ட்.
சாவிக்குக் கை நீட்டினாள், கொடுத்தேன்.
பாலத்துப் பக்கம் திரும்பி
கண்டெய்னர் லாரிகளுக்குள் மறைந்த பிறகும்
சத்தம் கொஞ்ச நேரம் எனக்குத் தனியாகக் கேட்டது.
மூன்றாவது
இன்னும் ஒரு மாகாணி பிந்துகிறது.