ஏழரை

ஜனவரி. புரா காற்று
தபால் நிலையக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
கவுன்ட்டருக்கு மேலே முதலில் ஒரு கம்பளிக் குல்லாய்,
அப்புறம் இரண்டு கையாலும் தூக்கி வைத்த
குடைமிளகாய் ஊறுகாய் ஜாடி.
கழுவியும் புளிப்பு வாசம் போகவில்லை.

டொன்கா. ஏழு வயது.
கோமிஷா துறைமுகத்தில்
வலை பிரிக்கும் ஸ்ரெச்கோவின் மகள்.
"எல்லாவற்றையும் யூரோவாக மாற்றித் தாருங்கள்."
வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.
அப்பா சுவரோரம் நின்று
தன் ஈரச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டினேன்.
பாட்டுக்குருவி பதித்த ஒரு குனா அறுபத்து நான்கு.
சூரைமீன் பதித்த இரண்டு குனா முப்பத்தொன்பது.
கரடி பதித்த ஐந்து குனா பதினான்கு.
எல்லாம் சுற்றுலாக்காரர்கள்
பாறை இடுக்கில் செருகிப்போன காலிப் புட்டிகள்.
ஒரு புட்டிக்கு அரைக் குனா.
இரண்டு கோடை.
நான் கூட்டி முடிக்கும் முன்பே சொன்னாள்:
"இருநூற்றுப் பன்னிரண்டு."

ஏழரைக்கு ஒன்று. ஏழரையும் சொச்சமும்.
இருபது யூரோ ஒரு தாள், ஐந்து ஒரு தாள்,
மூன்று யூரோவும் பதினான்கு சென்ட்டும் சில்லறை.
உள்ளங்கையில் வைத்தேன்.
உள்ளங்கை நிறையவில்லை.

ஜாடியைப் பார்த்தாள்.
கையைப் பார்த்தாள்.
"மீதி?"

ஏழரை பிடித்தது ஜாடியை,
அதற்கு நான் என்ன செய்ய?
மேலிடம் அனுப்பிய துண்டறிக்கையை எடுத்து
"நாணயத்தின் மதிப்பு என்பது" என்று ஆரம்பித்தேன்.
அவள் உதடு பிதுங்கியது. நிறுத்திவிட்டேன்.

பிறகு அவளே
சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள்.
நீந்தும்போது காலில் மாட்டும் நீலத் துடுப்பு,
கடையில் பார்த்து எழுதிய விலை:
இருநூற்றிருபது குனா. அதன் கீழே, பென்சிலில்,
இருபத்தொன்பது யூரோ இருபது சென்ட்.
கண்ணாடியில் விரல் வைத்து, நாக்கைக் கடித்து,
என் பின்னால் வரிசை வளரும்வரை கழித்தாள்.
இல்லை, அவள் பின்னால். வரிசை அவள் பின்னால் வளர்ந்தது.
நானும் அந்தப் பக்கம் நின்று கழித்துக்கொண்டிருந்தேன் போல.

"அப்பா! நேற்று எட்டு குறைந்தது.
இன்றைக்கு ஒன்றும் ஆறு சென்ட்டும்தான் குறைகிறது!"

அப்பாவின் கை பைக்குள் போனது.
வெகுநேரம் உள்ளேயே இருந்தது.
வெறுமனே திரும்பி வந்தது.
அந்த ஒரு யூரோவைக் கொடுக்காமலிருக்க
மனுஷன் பட்ட பாடு.

வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.
"ஒரு கரடி மட்டும் தாருங்கள்."
"குறைச்சல் கூடுமே?"
"தெரியும். அது காசு இல்லை. கரடி."

ரசீதைக் கிழித்து மறுபடி போட்டேன்.
இருபத்தேழு யூரோ நாற்பத்தேழு.
காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்:
இன்னும் இருபத்தைந்து புட்டி.
கோடைக்கு ஐந்து மாதம் இருந்தது.

மாலையில் மேசை இழுப்பறையைப் பூட்டும்போது
வீட்டுக்கடன் கடிதம் கண்ணில் பட்டது.
புதிய பணத்தில், புதிய தொகை.
எவ்வளவு சின்ன எண்!
போன வாரம் உறையைப் பிரித்ததும்
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்,
நாற்பத்தாறு வயதில்.