கண்டறியப்படவில்லை

படிவத்தில் எனக்கு இரண்டே சொற்கள்.
கண்டறியப்பட்டது. கண்டறியப்படவில்லை.
மூன்றாவதாய் ஒரு சொல் கேட்டு
மாசி மாதம் கொழும்புக்கு எழுதினேன்.
பதில் வரவில்லை.
பதில் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பதினேழாம் கட்டில், பரிமளகாந்தி, வயது நாற்பத்தாறு,
சல்லிக் கிராமம்.
நிலாவெளி ஹோட்டலொன்றில் விரிப்புத் துவைத்தவள்.
ஒட்சிசன் எண்பத்தொன்பது.
எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும்
மார்கழி மழையில் உட்துறைமுகம் மாதிரி,
கரை எது நீர் எதுவென்று பிடிபடாத வெண்மை.
மூக்குக்குள் போன குச்சி மட்டும்
ஒன்றையும் பாராமல் திரும்பி வந்தது.

எவ்வளவு ஆழம் போனது என்று
குழாயில் எழுதியிருக்காது.
இரவு ஒரு மணி,
எட்டு மணிநேரமாய்க் கவச உடைக்குள் ஊறிய மிஸ்ஸி,
தலையைத் திருப்பிக்கொண்ட நோயாளி.
அரை அங்குலம் போதும்.
அல்லது நோய் அதற்குள்
மூக்கை விட்டு நெஞ்சுக்கு இறங்கியிருக்கும்.
அல்லது ஐஸ் பெட்டி
வாசலில் வெயிலில் கிடந்திருக்கும்,
வீதி மான்கள் வந்து மோந்து பார்க்க.

இயந்திரம் பொய் சொல்லாது.
கொடுத்த துளியைப் பற்றி மட்டும் பேசும்.
துளி வேறு, ஆள் வேறு.

நாற்பது சுற்று. கோடு படுத்தே கிடந்தது.
கண்டறியப்படவில்லை.
கையெழுத்து வைத்தேன்.

மாடிப்படி ஏறுவதற்குள் அந்தச் சொல் தேய்ந்துபோகும்.
எழுதுனர் வாயில் 'நெகட்டிவ்.'
வாட்டில் 'இல்லையாம்.'
தொலைபேசியில் தங்கைக்காரிக்கு
'ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ.'
டொக்டர் கிருபைராஜா படத்தை வெளிச்சத்தில் பிடித்து
கண்ணை நம்பவா, குச்சியை நம்பவா என்றாராம்.
கட்டில் தட்டுப்பாடு முடிவெடுத்தது.
அவளை மற்ற வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்,
சோமலதாவுக்கும் பரீனாவுக்கும் நடுவில்.

மறுபடி குச்சியோடு போன மிஸ்ஸியிடம்
மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னாளாம்:
"எனக்கு அது இருக்கு.
கடதாசியைக் காட்டாதேங்கோ.
என்ர மனிசனுக்கும் ஒரு கடதாசி வச்சிருக்கிறன்,
'காணவில்லை' எண்டு.
பதின்மூண்டு வருசமா
அதை 'இல்லை' எண்டு நான் வாசிக்கேல்ல."
பிறகு, கொஞ்சம் தண்ணி தாங்கோ என்றாளாம்.

இரண்டாம் குச்சியும் வெறும் குச்சி.
மூன்றாவது, நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்த சளி.
இருபத்திரண்டாம் சுற்றிலேயே கோடு எழும்பிவிட்டது.
அப்போது பரீனா இருமத் தொடங்கியிருந்தாள்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கணக்கு.
அதற்கு முந்திய வருசம்,
கிண்ணியா உதுமாலெவ்வை.
இறந்த பிறகு எடுத்த குச்சி.
முப்பத்தெட்டாம் சுற்றில்
ஒரு கோடு தலைதூக்கப் பார்த்தது.
எப்போதோ வந்துபோன காய்ச்சலின் எச்சமா,
பக்கத்துக் குழாயின் தெறிப்பா,
எனக்குத் தெரியாது.
அந்த மாதங்களில் ஆம் என்றால் நெருப்பு.
பிணவறை வேலியோரம் அவர் மகன்
ஆறடி மண்ணுக்காக நின்றுகொண்டிருந்தான்.
திரும்ப ஓட்டினேன். கோடு வரவில்லை.
இன்னொரு தடவை ஓட்டத் துளி போதவில்லை.
நான் எழுதிய சொல்லை இங்கே சொல்லப்போவதில்லை.
இரண்டில் ஒன்று.

முப்பத்தோராம் நாள் பரிமளகாந்தி வீடு போனாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
முடிவுகளின் பிரதி கேட்டாள்.
கடைசி ஒன்று போதுமே என்றார் எழுதுனர்.
"மூண்டும் வேணும்."
பொலித்தீன் பைக்குள் ஏற்கெனவே இருந்த
மடிப்புக் கிழிந்த தாளுக்குப் பின்னால்
திகதிப்படி அடுக்கினாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என்னை அவளுக்குத் தெரியாது.

கையுறை மாற்றினேன்.
அன்றைக்கு நாற்பத்துநான்கு குழாய்கள்.
முதலாவதில்
பெயர் ஈரத்தில் அழிந்திருந்தது.